ஒரு பல் தள்ளி

1996-ல் திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் எனக்கு மூன்றாவது வருஷம். மேஸ்திரி பக்கத்தில் நிற்காமலே இஞ்சினைப் பிரித்துக் கோர்க்க என்னை விட ஆரம்பித்திருந்தார். அப்படி நான் தனியாக ஓவர்ஹால் செய்து கொடுத்த முதல் வண்டி ஒரு அம்பாசிடர் மார்க் 4. 1984 மாடல், 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். வத்தலக்குண்டில் டாக்ஸி ஓட்டிய ஒரு அண்ணனுடையது. வாரத்தில் மூன்று நாலு தடவை கொடைக்கானல் ஏறும் வண்டி.

நாலு மாசம் கழித்து அவர் திரும்பி வந்தார்.

"தம்பி, டம்டம் பாறை தாண்டுறதுக்குள்ள கொதிச்சிருது. பிக்கப்பும் இல்ல. செகண்ட் கியர்லயே ஏற வேண்டியிருக்கு."

வருவதற்கு முன்பே வெளியில் காட்டி ரேடியேட்டர் கோர் மாற்றியிருந்தார், வாட்டர் பம்ப் மாற்றியிருந்தார், தெர்மோஸ்டாட்டைக் கழற்றியே போட்டிருந்தார். டிக்கியைத் திறந்து காட்டினார். இரண்டு கேன் தண்ணீர். ஒவ்வொரு டிரிப்புக்கும் ரொப்பி எடுத்துக்கொண்டு போகிறாராம். குழந்தைகளோடு வந்த குடும்பத்தை வளைவில் இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்ததைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

மேஸ்திரி ரேடியேட்டர் பக்கமே போகவில்லை. பிளக்குகளுக்கு முறைப்படி ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைத்தார். கிளாம்பைத் தளர்த்தி, ஸ்பார்க் முன்னதாக வரும் வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் டப்பா போய் இஞ்சின் பிளாக்கில் இடித்து நின்றது. அப்புறம் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன முள்நட்டைத் தொட்டார். ஏ, ஆர் என்று எழுத்து போட்டிருக்கும். ஏ என்றால் அட்வான்ஸ், ஸ்பார்க் முன்னதாக வரும். ஆர் என்றால் ரிடார்டு, பிந்தி வரும். அது ஏ பக்கம் கடைசி வரை திருகியிருந்தது.

"இதை யாரு இம்புட்டுத் திருகுனது?"

"நான்தாண்ணே."

டெஸ்ட் லாம்பை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பிளக் நாலையும் கழற்றினேன், இஞ்சின் லேசாகச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளி பார்த்தேன்: 0.015 அங்குலம், அது சரி. லாம்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டர் லோ டென்ஷன் டெர்மினலிலும் மறு முனையை பாடியிலும் மாட்டி, சாவியைப் போட்டு, முன்னால் ஹேண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினேன். பாயிண்ட் திறக்கும் நொடியில் லாம்ப் எரியும். டைமிங் கவரில் மூன்று முள் உண்டு. நீளமானது டாப், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். மற்ற இரண்டும் அதற்கு முன் 5, 10 டிகிரி. புல்லியில் உள்ள வெட்டு 5-க்கு வரும்போது லாம்ப் எரிந்திருக்க வேண்டும். 5-ஐத் தாண்டியது, எரியவில்லை. நீள முள்ளையும் தாண்டிய பிறகுதான் எரிந்தது. பிஸ்டன் டாப்புக்குப் போய்க் கீழே இறங்கத் தொடங்கியபின் ஸ்பார்க். அட்வான்ஸ் முழுக்கத் திருகியும் அந்த நிலை.

கொதிப்புக்குக் காரணம் அங்கேயே இருந்தது. லேட்டாகப் பற்றிய நெருப்பு பிஸ்டனைத் தள்ளி முடிக்காமல், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போக வேண்டிய சூடு சிலிண்டர் சுவரிலும் ஹெட்டிலும் இறங்கி, தண்ணீருக்குப் போய்விடும். ரேடியேட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் அது அடங்காது.

தப்பு டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லை, அதற்கு அடியில். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றவைக்கும் சின்ன டிரைவ் ஷாஃப்ட் ஒன்று உண்டு. அதன் தலையில் காடி வெட்டியிருக்கும், நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி. ஒரு பக்கம் பெரிய பிறை, மறு பக்கம் சின்னப் பிறை. டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கும் அதே மாதிரி ஓரம் தள்ளி இருப்பதால் ஒரே வழியில்தான் உட்காரும். அதை நம்பித்தான் ஏமாந்தேன். நாக்கு சரியாக விழுந்துவிட்டது, எல்லாம் சரி என்று நினைத்தேன். ஷாஃப்டே ஒரு பல் தள்ளி நின்றால் நாக்கு என்ன செய்யும்?

அந்த ஷாஃப்டின் பல் நேர்ப்பல் அல்ல, சாய்ந்த பல். இறக்கும்போது கேம் ஷாஃப்டோடு கவ்விக்கொண்டே இடப்பக்கமாகத் திரும்பும். வைத்த இடத்தில் நிற்காது. திரும்பும் என்று எனக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. கூடுதலாக இடம் விட்டு இறக்கியிருக்கிறேன். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு பல் முன்னாலேயே நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தபோது சத்தம் சரியில்லை என்பது காதில் விழுந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, நட்டைத் திருகி, ஐடிலிங் ஓரளவு அடங்கியதும் விட்டுவிட்டேன். லாம்ப் போட்டுப் பார்க்கவில்லை. சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து சாவியைக் கொடுத்தேன். மலை ஏறும் வண்டி அது.

இந்த முறை முதலிலிருந்து செய்தேன். வால்வு கவரைக் கழற்றி, நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆடும் இடம் வரை சுற்றினேன்: எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டிருக்க இன்டேக் திறக்கத் தொடங்கும் இடம். ஒன்றும் நாலும் சேர்ந்து ஏறி இறங்கும் பிஸ்டன்கள். நாலில் வால்வு ஆடினால் ஒன்று கம்ப்ரஷன் டாப்பில் நிற்கிறது என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டரையும் ஹவுசிங்கையும் எடுத்தேன். ஷாஃப்டின் தலையில் மரை உண்டு. 5/16 அங்குல யூஎன்எஃப் போல்ட், நீளமானது, அதில் திருகி மேலே இழுத்தால் ஷாஃப்ட் சுழன்றபடி வரும். பெரிய பிறை மேலே இருக்கும்படி, காடி படுக்கைக்குக் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும்படி பிடித்து இறக்க வேண்டும். கடைசியில் காடி ஒரு மணி காட்டும் முள் மாதிரி நிற்க வேண்டும். முதல் தடவை தாண்டிப் போனது. இரண்டாம் தடவை பழைய இடத்திலேயே நின்றது. மூன்றாவதில் விழுந்தது. விழுந்ததும் விரலை உள்ளே விட்டு காடியைத் தடவிப் பார்த்தேன். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு காடி ஒரு மணியில் நின்றது.

முள்நட்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்ததும் வேக்குவம் டப்பா பிளாக்கை விட்டு நன்றாக விலகி நின்றது, இரண்டு பக்கமும் திருப்ப இடம். லாம்ப் 5-ல் எரிந்தது. வயரை 1-3-4-2 என்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றும் இடப்பக்கமாகவே மாட்டினேன்.

ஷாஃப்டைத் தொடாமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வயரை மட்டும் மாற்றி மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு. காடி நேர் எதிராக நின்றால் அப்படியும் வண்டி குறையில்லாமல் ஓடும். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்து அந்த இஞ்சினைத் திறப்பவன் நடுரோட்டில், இருட்டில் நின்றுகொண்டிருக்கலாம்.

அண்ணன் சாயங்காலம் வந்தார். என்ன தப்பு, யார் செய்தது என்று சொன்னேன். ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் காசுல பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியிருப்பேன் தம்பி" என்றார். மேஸ்திரி அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. பிறகு மூன்று சனிக்கிழமை என் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். முதல் தடவை வாங்க மறுத்தார். மேஸ்திரி சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

வண்டியை எடுத்துப்போன அடுத்த வாரம் அண்ணன் கொடைக்கானலிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார். டிக்கியிலிருந்து இரண்டு கேனையும் இறக்கி என் முன்னால் வைத்தார். வத்தலக்குண்டில் ரொப்பிய தண்ணீர், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.