பால் பல்லு தானேன்னு விட்டுடாதீங்க

"விழப்போற பல்லு தானே, இதுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி?" சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, பால்வாடி வாசல்ல பாக்குறவங்க, எல்லாரும் இதையே தான் சொல்றாங்க. கேட்டாலே எனக்கு கோவம் வருது. மூணு வயசு கூட ஆகாத புள்ள நடுராத்திரில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு துடிக்கிறப்ப அந்தப் பல்லு என்னைக்கு விழும்ங்கிறதா முக்கியம், வலி இன்னைக்கு இருக்குல்ல?

அதுவும் எல்லா பால் பல்லும் ஆறு, ஏழு வயசுல விழுறதில்ல. முன் பல்லு தான் அப்ப விழும். பின்னாடி மெல்லுற கடவாய்ப் பல்லெல்லாம் 10, 11, 12 வயசு வரைக்கும் இருக்கணும். அதாவது ரெண்டரை வயசுல சொத்தையான கடவாய்ப் பல்லை வச்சுக்கிட்டு அந்தக் குழந்தை அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் சாப்பிடணும். இடையில வலிக்குதேன்னு பிடுங்கிட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்கு சாஞ்சு வந்துடும், அடியில இருந்து வர்ற நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது, அது கோணலா எங்கயோ முளைக்கும். இதை எனக்குப் புரியுற மாதிரி சொன்னது எங்க குழந்தைப் பல் டாக்டர் மேடம் தான்.

இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு பல்லு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. எங்க பாப்பா காதைத் தான் காட்டுனா. காது வலிக்குதுன்னு குழந்தை டாக்டர்கிட்ட போனோம், அவர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு காதுல ஒண்ணுமில்ல, வாயைப் பாருங்கன்னு சொன்னார். கீழ்த் தாடைப் பல்லு வலி காதுக்கு ஏறுமாம். அப்புறம் தான் ஒவ்வொண்ணா சேர்த்துப் பாத்தோம், சோறு ஊட்டுனா முழுங்காம கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டே சுத்துறா, வலது பக்கம் மட்டும் மெல்லுறா, ஐஸ்கிரீம் ஒரு நக்கு நக்கிட்டு வேணாங்குறா, பகல்ல நல்லா ஓடியாடிட்டு படுத்தா மட்டும் சிணுங்குறா. அத்தை இதையெல்லாம் பிடிவாதம்னு தான் நினைச்சாங்க, நிறைய வீட்டுல அப்படித்தான் நினைப்பாங்க. புள்ள சாப்பாட்டை கன்னத்துல ஒதுக்குதுன்னா அதட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாயைத் திறந்து பாத்துடுங்க ப்ளீஸ். போன் லைட்டே போதும். ரெண்டு கடவாய்ப் பல்லுக்கு நடுவுல பழுப்பா ஒரு குழி இருந்துச்சு.

அந்த ராத்திரி என்ன பண்றதுங்கிறது தான் பெரிய கேள்வி. கிராம்புத் தைலம் வைன்னு நாலு பேர் போன்ல சொன்னாங்க. பெரியவங்களுக்கு சரி, சின்னக் குழந்தைக்கு அது வேணாம், ஈறு வெந்துடும், கொஞ்சம் முழுங்கிட்டா கூட கல்லீரலுக்கு ஆபத்து. கண்டங்கத்திரி விதைப் புகை போட்டா பூச்சி விழும்னு ஊர்ல இன்னமும் செய்றாங்க, புழுன்னு ஒண்ணு பல்லுக்குள்ள கிடையாதுங்க, பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு விடுற அமிலம் தான் பல்லை அரிக்குது, அந்தச் சூடான புகையை குழந்தை வாய்க்குள்ள விடுறதை நினைச்சாலே பயமா இருக்கு. கடையில விக்கிற மரத்துப்போற ஜெல்லும் கூடாது. பென்சோகெய்ன் இருக்கிற ஜெல்லை ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்குப் போடவே கூடாதுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லயே சொல்லிடுச்சு, ரத்தம் ஆக்சிஜனை எடுத்துட்டுப் போறதையே அது கெடுத்துடுமாம். மாத்திரையைப் பொடி பண்ணி பல்லுல வைக்கிறதும் வேணாம், புண்ணாகும். ஆஸ்பிரின் எந்தப் பேர்ல இருந்தாலும் குழந்தைக்குத் தரக்கூடாது.

டாக்டர் சொன்னது பாராசிட்டமால் தான், எடைக்குத் தகுந்த மாதிரி, கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைன்னா ஒரு வேளைக்கு 120ல இருந்து 180 மில்லிகிராம். ஆனா இதுல ஒரு விஷயம் கவனிங்க, ஒரு பாட்டில்ல 5 மில்லிக்கு 120 இருக்கும், இன்னொண்ணுல 5 மில்லிக்கு 250 இருக்கும், டிராப்ஸ்ல 1 மில்லிக்கே 100 இருக்கும். எல்லாம் பாக்க ஒரே மாதிரி கலர் சிரப், போன தடவை ஒரு மூடி குடுத்தோம்னு இந்தத் தடவையும் ஒரு மூடி குடுத்தா அளவு இரட்டிப்பாகிடும். லேபிளைப் படிச்சுட்டு குடுங்க, ரெண்டு வேளைக்கு நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போகக் கூடாது. சாப்பாடு துணுக்கு மாட்டியிருந்தா வெதுவெதுப்பான தண்ணில மெதுவா பிரஷ் பண்ணி விட்டா பாதி அழுகை அடங்கும். முகம் வீங்கி கண்ணு வரைக்கும் போகுது, காய்ச்சல் இருக்கு, முழுங்க முடியாம எச்சில் ஒழுகுதுன்னா விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது, அப்பவே கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, அது சீழ் பரவுறதுக்கான அடையாளம்.

மறுநாள் முதல்ல போன கிளினிக்ல பால் பல்லு தான், ஆன்டிபயாடிக் எழுதித் தரேன், வலி போயிடும்னு சொன்னாங்க. வலி போகும், சொத்தை எங்க போகும்? அதனால எம்டிஎஸ் பீடோடான்டிக்ஸ் படிச்ச டாக்டரைத் தேடிப் போனோம். இவங்க குழந்தைப் பல்லுக்குன்னே தனியா படிச்சவங்க, அவங்க அணுகுற விதமே வேற. பாப்பாவை நாற்காலியில தனியா உக்கார வைக்கல. நானும் மேடமும் முழங்காலோட முழங்கால் ஒட்டுற மாதிரி எதிரெதிர உக்காந்து, பாப்பா காலை என் இடுப்பைச் சுத்திப் போட்டு, தலையை மேடம் மடியில சாய்ச்சுப் பாத்தாங்க. அழுதா தான், ஆனா அம்மா முகம் தெரியுதுல்ல, அலறல.

ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு நரம்பு வரைக்கும் போயிடுச்சுன்னு சொன்னாங்க. உள்ள சுத்தம் பண்ணி, மருந்து அடைச்சு, மேல ஸ்டீல் கேப் போட்டாங்க. பால் பல்லுக்கு வேர் சிகிச்சையான்னு மாமா ஆச்சரியப்பட்டார், ஆமா, உண்டு, அடியில நிரந்தரப் பல்லு வர்றப்ப இந்த மருந்தும் வேரோட சேர்ந்து கரையுற மாதிரி தான் தேர்ந்தெடுப்பாங்களாம். மேல் முன் பல்லு ஒண்ணுல சின்னதா சொத்தை ஆரம்பிச்சிருந்துச்சு, அதுக்கு டிரில் இல்லாம சில்வர் மருந்து ஒண்ணு தடவுனாங்க, சொத்தை அங்கயே நிக்கும், ஆனா அந்த இடம் கருப்பாகிடும். போட்டோல கருப்பா தெரியுதேன்னு எங்க அம்மாவுக்கு வருத்தம், எனக்கு புள்ளைக்கு ஊசி இல்லாம முடிஞ்சதே நிம்மதி. கடவாய்ப் பல்லுக்கு மட்டும் மரத்துப்போற ஊசி போட்டாங்க. அது போட்டா ரெண்டு மூணு மணி நேரம் உதடு மரத்து இருக்கும், குழந்தை விளையாட்டா கடிச்சுக் கடிச்சு உதட்டைப் புண்ணாக்கிடும். மரப்பு போற வரைக்கும் கண்ணை எடுக்காம பக்கத்துலயே இருங்க, சோறு ஊட்டாதீங்க.

மேடம் கேட்ட ஒரு கேள்வி எனக்கு ரொம்ப பிடிச்சுச்சு. எந்த ஊர் தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டாங்க. எங்க மாமியார் வீடு தர்மபுரி பக்கம், அங்க போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அது அளவு மீறிப் போனா பல்லே கறையாகிடும், அதுக்காகத் தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. நாங்க இப்ப சேலத்துல காவிரித் தண்ணி தான் குடிக்கிறோம்னு சொன்னதும் ஃப்ளோரைடு பேஸ்ட் தைரியமா போடலாம்னாங்க. ஃப்ளோரைடு தண்ணி உள்ள ஊர்ல இருக்கிறவங்க மட்டும் பேஸ்ட் வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மத்தவங்களுக்கு அளவு இது தான், மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி மணி, மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி. விளம்பரத்துல பிரஷ் முழுக்க நீளமா போடுறாங்களே, அது குழந்தைக்கு இல்ல. செங்கல் கலர் பல்பொடி, கரி, உப்பு எதுவும் வேணாம், பால் பல்லோட எனாமல் ரொம்ப மெல்லிசு, தேய்ஞ்சுடும். ஏழெட்டு வயசு வரைக்கும் நாம தான் தேய்ச்சு விடணும், ராத்திரி கண்டிப்பா. மடியில தலையைச் சாய்ச்சுப் படுக்க வச்சா வாய் முழுக்கத் தெரியும், நின்னுக்கிட்டே தேய்ச்சா பின்பல்லு தெரியவே தெரியாது.

சாப்பாட்டுல எல்லாரும் சாக்லேட்டை மட்டும் திட்டுறாங்க. பால்ல முக்குன பிஸ்கட், ரஸ்க், மால்ட் பவுடர் போட்ட பால், இதெல்லாம் பல்லு இடுக்குல ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா நிக்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன்னா நல்லதுன்னு ராகிக் கஞ்சில அள்ளிப் போடுறாங்க, உடம்புக்கு எப்படியோ, பல்லுக்கு எல்லாம் சர்க்கரை தான். எவ்வளவு தின்னாங்கிறதை விட எத்தனை தடவை தின்னாங்கிறது தான் கணக்கு, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரமாவது வாயில அமிலம் இருக்கும். தூங்குறப்ப எச்சில் ஊறுறது குறைஞ்சுடும், அதனால பாட்டில் பாலை வாயில வச்சுக்கிட்டே தூங்குற பிள்ளைங்களுக்கு மேல் முன் பல்லு தான் முதல்ல போகும், கீழ்ப் பல்லை நாக்கு மூடிக் காப்பாத்திடும். மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க, ஈறு ஓரத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிஞ்சா அது தான் ஆரம்பம், அந்தக் கட்டத்துல ஃப்ளோரைடு வார்னிஷ் தடவி டிரில் இல்லாமலே நிறுத்தலாம். அயர்ன் சிரப் குடிக்கிற பிள்ளைக்கு பல்லு கருப்பானா பயப்படாதீங்க, அது வெறும் கறை, கிளீன் பண்ணா போயிடும்.

முதல் பல்லு வந்ததும், இல்ல ஒரு வயசு முடியுறதுக்குள்ள, ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்றாங்க. செலவை நினைச்சு தள்ளிப் போடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சென்னையில கோட்டை ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலை நகர், புதுக்கோட்டை, இந்த மூணு இடத்துலயும் அரசு கல்லூரி இருக்கு. உங்க ஊர்ல தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருந்தா அங்கயும் வெளி கிளினிக்கை விட கம்மியா தான் ஆகும். குழந்தைப் பல் பிரிவு எங்கன்னு கேட்டு, காலையில ஓபி நேரத்துக்கே புள்ளைக்கு வயித்துக்கு சாப்பாடு குடுத்து, தூக்கம் தெளிஞ்சப்புறம் கூட்டிட்டுப் போங்க, மத்தியானத் தூக்க நேரத்துல போனா வாயைத் திறக்கவே திறக்காது.