கார்டு உறையில் எழுதிய நாலு எண்கள்

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஏடிஎம் வரிசையில் இன்று எனக்கு முன்னால் ஒரு பாட்டி. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பையனிடம் கார்டை நீட்டினார்.

"கண்ணு, ரெண்டாயிரம் எடுத்துக் குடு."

கார்டு உறையின் மேல் நீல மையில் பின் நம்பர். தள்ளி நின்ற எனக்கே படிக்க முடிந்தது.

நல்ல பையன். பணத்தை எண்ணிக் கொடுத்தான், கார்டையும் கொடுத்தான்.

"அம்மாயி, அந்த நம்பரை அழிச்சிருங்க" என்றேன்.

"அழிச்சா மறந்துருமே கண்ணு."

திரையில் மலையாளம், இந்தி, ஆங்கிலம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் வேறு என்ன செய்வார்?

2016-ல் திருவனந்தபுரத்தில் ருமேனியக் கும்பல் ஒன்று, புகையைக் கண்டுபிடிக்கும் கருவி போல ஒன்றை ஏடிஎம்மில் பொருத்தி கார்டு விவரங்களைத் திருடியது. இந்தப் பாட்டியை ஏமாற்ற அதெல்லாம் வேண்டாம். உதவ வருகிறவன் அதே வங்கியின் வேறு கார்டை மாற்றிக் கொடுத்தால் போதும். அதனால் கார்டு கைக்கு வந்ததும் பெயரைப் பாருங்கள்.

பணம் போனால் உடனே வங்கியில் சொல்லி கார்டை முடக்குங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு நமக்கில்லை. இது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனதெல்லாம் நம் தலையில்தான்.

எல்லை ஊர் ஏடிஎம் திரையில் தமிழும் வேண்டும் என்று வங்கிக்கு மனு எழுதுகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள்.