'ஊசி' என்று தேடினால் பாதி வீடியோ வருகிறது

நர்சிங் மாணவிகளுக்கான கணினிப் பயிற்சியில் சேர்ப்பதற்காக, ஓய்வுபெற்ற சிஸ்டர்களைப் பேசவைத்துப் படம்பிடித்தோம். அதுவரை சிக்கலே இல்லை. எந்த வீடியோவில் என்ன கதை இருக்கிறது என்று அட்டவணை போடுவதில்தான் வந்தது வினை.

வெளியே கொடுத்து வாங்கிய எக்செல் ஷீட்டைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் நேரே 'ஊசி', 'வார்டு', 'நோயாளி'. பேச்சில் வந்த சொல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "தேடினா வருதுல்ல சார்?" என்றார் பொறுப்பாளர். வருகிறது, பாதி வீடியோ! மருந்து கொடுக்கும் பயிற்சியில் தப்புப் பண்ணுகிற பெண் எதைத் தேடுவாள்? தப்பு நடந்ததே அவளுக்குத் தெரியாதே.

இது பழைய பிரச்சினை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ராஜர் ஷாங்க் 1989இல் தொடங்கிய கற்றல் அறிவியல் நிறுவனத்தில் இதற்கு வழி கண்டிருந்தார்கள். யார் என்ன நடக்கும் என்று நினைத்தார், நிஜத்தில் என்ன நடந்தது: கதையை இப்படிக் குறித்துவைக்க வேண்டும். எல்லோ பேஜஸ் என்ற வணிகத் தொலைபேசிப் புத்தகத்துக்கு விளம்பரம் விற்கப் பழக்கிய அவர்களுடைய மென்பொருள், பழகுகிறவர் செய்வதைக் கவனித்துப் பொருத்தமான கதையைத் தானே எடுத்துக் கொடுத்தது.

அதே முறையில் நாங்களே உட்கார்ந்து மாற்றினோம். ஒரு சிஸ்டர் சொன்ன கதை: பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் காது மந்தமான பக்கத்து பெட்காரர் தலையாட்டியிருக்கிறார். ஊசியோடு போனவர் கடைசி நொடியில் கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தப்பித்தார். எக்செல் ஷீட்டில் இது வெறும் 'ஊசி'. இப்போது, 'தலையாட்டியதால் அவர்தான் என்று நினைத்தார், ஆள் வேறு.' நோயாளியை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு அடையாளம் கேட்க வேண்டும். மாணவி பெயரோடு நிறுத்திக்கொண்டால் உடனே இந்த வீடியோ ஓடும். முதன்முதலில் அது சரியாக ஓடியபோது கைதட்டாத குறை.

ஒரு எச்சரிக்கை. இடையில் ஷீட் போட்டுக் கொடுத்த அதே ஆட்கள் வீடியோக்களின் தொடக்கத்தில் வரும் தலைப்பு அட்டையை வெட்டியிருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். எந்தக் கதை எந்த நொடியில் தொடங்குகிறது என்ற நேரக்குறிப்பு மொத்தமும் நகர்ந்து, ஒரு கதை "...டினார்" என்று ஆரம்பித்தது. வெட்டாத மூலப்பதிவை வைத்தே நேரம் குறியுங்கள். கோப்பின் பெயரை நம்பாமல் ஒவ்வொரு கதைக்கும் ஒரு எண் கொடுங்கள். குறிப்பெழுத, வார்டில் டியூட்டி பார்த்த ஒருவரையாவது உட்காரவையுங்கள்.

கூத்து என்னவென்றால், நேரத்தைத் திருத்தியதற்கும் தனி பில் அனுப்பினார்கள். நேரக்குறிப்புச் சரிபார்ப்பு அவர்கள் வேலை என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததை மஞ்சள் அடித்து அனுப்பினேன். பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.