ஒரே ஆல்பம், எத்தனை பதிப்பு? என் ப்ராக் ராக் அலமாரி இதுவரை

ப்ராக் ராக், அதாவது நீண்ட, சிக்கலான பாட்டுகள் கொண்ட ப்ரோக்ரஸிவ் ராக் ஆல்பங்களைச் சேர்க்க ஆரம்பித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் புது ஆல்பம் வாங்குவதைவிட, இருக்கிற ஆல்பத்தையே மறுபடி வாங்குவதுதான் அதிகமாகிவிடும். நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு, ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு, ஜப்பானிய அட்டை உறைப் பதிப்பு, ப்ளூ-ரே பெட்டி என்று வந்துகொண்டே இருக்கும். அதனால் கொஞ்ச காலமாக எதையும் புதிதாகத் தேடவில்லை. அலமாரியில் இரண்டு மூன்று பதிப்பாக இருப்பவற்றை எடுத்து, ஒப்பிட்டுக் கேட்டு, எது தங்கும் எது போகும் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். பாதி அலமாரி முடிந்திருக்கிறது.

ஒப்பிடும்போது முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. ஒரு பதிப்பு இன்னொன்றைவிட ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால்கூட, காது அதற்குத்தான் ஓட்டுப் போடும். ‘ரீமாஸ்டர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த பல சிடிக்கள் பிழைத்தது இந்தச் சலுகையில்தான். 1990-களிலிருந்து, உச்ச ஒலிகளை நசுக்கி மொத்தச் சத்தத்தையும் மேலே தூக்குகிற வழக்கம் பரவியது. நான்கு நிமிஷப் பாட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். புல்லாங்குழல் தனியாக முணுமுணுத்து, பத்து நிமிஷம் கழித்து முழு இசைக்குழுவும் இறங்குகிற பாட்டுக்கு, அந்த ஏற்ற இறக்கம்தானே சரக்கு? சத்தத்தைச் சமப்படுத்தியதும் அப்படிப்பட்ட சில சிடிக்கள் தட்டையாகப் படுத்துவிட்டன. அவை போகிற குவியலில் இருக்கின்றன.

இரண்டாவது விஷயம், ரீமாஸ்டரும் ரீமிக்ஸும் வேறு வேறு. ஏற்கெனவே கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து மெருகேற்றினால் ரீமாஸ்டர். அதற்கும் முந்தைய, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவான மல்டிட்ராக் டேப்புக்கே போய், டிரம்ஸ், பாஸ், குரல் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து மறுபடி கலந்தால் ரீமிக்ஸ். போட்டோவைத் துடைப்பதற்கும் நெகடிவிலிருந்து புதிதாகப் பிரிண்ட் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். பெட்டியின் பின்பக்கத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான். எந்த டேப், யார் கலந்தது என்று சொல்லாத பதிப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கிங் க்ரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பம் இதற்கு நல்ல உதாரணம். 1969 அக்டோபரில் வெளிவந்தது. அதன் முதல் தலைமுறை ஸ்டீரியோ மாஸ்டர் டேப் வெகுகாலம் காணாமல் கிடந்ததால், பல எல்பிக்களும் சிடிக்களும் பிரதியின் பிரதியிலிருந்து வந்தவை. அந்த டேப் கிடைத்த பிறகு வந்தது 2004 பதிப்பு. 2009-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் ரீமிக்ஸ். பழைய சிடி, 2004, 2009 மூன்றிலும் ‘எபிடாஃப்’ பாட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன். அதில் வரும் மெல்லட்ரான் ஒரு விசித்திரமான வாத்தியம்: ஒவ்வொரு கட்டைக்கும் கீழே வயலின் மாதிரி சத்தம் பதிந்த ஒரு துண்டு டேப் ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும், கட்டையை விட்டு மறுபடி அழுத்தவேண்டும். பழைய சிடியில் அந்த வயலின் சத்தம் பின்னால் தொங்குகிற கம்பளம் மாதிரி ஒரே மங்கல். 2004-இல் ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்குகிற இடம் தெரிந்தது. 2009-இல் குரல் இன்னும் பக்கத்தில் வந்தது, ஆனால் ‘மூன்சைல்ட்’ பாட்டின் நீண்ட பிற்பகுதியில் சில நிமிஷங்களை வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதி பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும்தான். இருந்தாலும் அது இல்லாமல் கடைசிப் பாட்டு எழும்புகிற எழுச்சி எனக்குக் குறைகிறது. எனவே 2004, 2009 இரண்டும் தங்கும், பழைய சிடி போகும்.

ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ விஷயத்தில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1971-இல் வந்தது, அப்போது புதிதாகத் திறந்திருந்த ஐலண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. அசல் கலவை எந்தப் பதிப்பில் கேட்டாலும் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரிதான் இருக்கும். 2011-இல் வந்த வில்சன் ரீமிக்ஸில் பியானோவும் அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கின்றன. மற்றதெல்லாம் கிளம்பலாம்.

ஆனால் ரீமிக்ஸ்தான் எப்போதும் ஜெயிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’, 1972. பறவைச் சத்தமும் நீரோட்டமும் மெல்ல மெல்ல ஏறி, சட்டென்று கிட்டாரும் பாஸும் டிரம்ஸும் சேர்ந்து பாய்கிற ஆரம்பம். அந்த நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரீமிக்ஸில் ஒவ்வொரு வாத்தியமும் எங்கே நிற்கிறது என்று கைகாட்டலாம். அசலில் எல்லாம் ஒரே உருண்டையாக மேலே வந்து விழுகிறது, அப்படி விழுவதுதான் அந்த இடத்துக்குச் சரி. இந்தப் பாட்டைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்து, டேப்பை வெட்டி ஒட்டித்தான் உருவாக்கினார்கள். அந்த முரட்டுத்தனமும் இசையின் பங்குதான் என்று நினைக்கிறேன். நல்லவேளை, 2013 பதிப்பின் ப்ளூ-ரேயில் அசல் கலவையும் கைபடாமல் இருக்கிறது. ஒரே பெட்டியில் இரண்டும் முடிந்தது.

எல்பி பக்கம் வந்தால் கணக்கே வேறு. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்போது, வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும். உள்ளே லேபிளுக்கு அருகில் அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்கவேண்டும். ஜெனஸிஸ் குழுவின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தில் இரண்டாம் பக்கம் 24 நிமிஷத்தைத் தாண்டும். ‘சப்பர்ஸ் ரெடி’ மட்டுமே சுமார் 23 நிமிஷம், அதன் உச்சக்கட்டம் சரியாக அந்த நெருக்கடியான உள் ஓரத்தில் போய் விழுகிறது. ஊசியை நன்றாகச் சரிசெய்துகொண்டு கேட்டபோதும் ஆர்கனும் குரலும் கொஞ்சம் கரகரத்தன. 45 சுற்றில் இரண்டு தட்டாகப் போட்டால் ஒலி தெளியும், ஆனால் பாட்டைப் பாதியில் வெட்டவேண்டி வரும். இந்த ஒன்றுக்கு நான் சிடி கட்சி. எல்பி உறைக்காக இருக்கட்டும்.

உறை என்றதும் ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ ப்ரிக்’ ஞாபகம் வருகிறது. 1972-இல் பன்னிரண்டு பக்கச் செய்தித்தாளாகவே உறையை அச்சடித்தார்கள். சிடி அளவுக்குச் சுருக்கினால் அதில் ஒரு வரி படிக்க முடியாது, பூதக்கண்ணாடி வேண்டும். அப்புறம் ஓடும் பள்ளம் முடிந்த வெற்றிடத்தில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். எந்தப் பிரஸ்ஸிங், அதாவது எந்த அச்சில் வார்த்த தட்டு என்று உறையைவிட அது நம்பகமாகச் சொல்லும், ஏனென்றால் உறையும் தட்டும் கைமாறும்போது கலந்துவிடுவது சகஜம்.

பிற்காலத்து ஆல்பங்களில் இந்த நீளத் தொல்லை தலைகீழாக வருகிறது: சிடியின் நீளத்துக்கு எழுதியது எல்பியில் அடங்காது. ஸ்வீடனின் ஆங்லகார்ட் குழு 1992-இல் போட்ட ‘ஹைப்ரிஸ்’ சிடி காலத்துப் பிள்ளை என்றாலும், நான்கே பாட்டுகளோடு எல்பி அளவிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் ட்ரான்ஸ்அட்லாண்டிக் குழுவின் ‘தி வேர்ல்விண்ட்’, 2009, 77 நிமிஷம் ஓடும் ஒரே படைப்பு. எல்பியில் கேட்டால் எழுந்து எழுந்து போய்த் தட்டைத் திருப்பவேண்டும். இதையெல்லாம் சிடியில்தான் கேட்கிறேன். பிக் பிக் ட்ரெய்ன் குழுவின் ‘தி அண்டர்ஃபால் யார்ட்’ அதே வருஷத்தது, அதில் பித்தளை வாத்தியங்கள் மெதுவாக உள்ளே நுழைகிற இடங்களுக்காகவே அடிக்கடி போடுகிறேன். அதற்கு ஒரு பதிப்பே போதும் என்று தோன்றுகிறது.

அடுத்தது இத்தாலியத் தட்டு. பிஎஃப்எம் குழுவின் ‘பெர் உன் அமிகோ’ 1972-இல் வந்தது. அதிலுள்ள பாட்டுகளில் பெரும்பகுதிக்கு, க்ரிம்ஸனுக்கு எழுதிய பீட் சின்ஃபீல்ட் ஆங்கில வரிகள் எழுத, அடுத்த வருஷம் ‘ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ என்று எமர்ஸன் லேக் அண்ட் பாமர் குழுவின் மாண்டிகோர் லேபிளில் வெளியானது. இது பதிப்பா, தனி ஆல்பமா? இத்தாலியக் குரலின் பக்கம் சாய்வேன் என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. இரண்டையும் சத்தம் சமப்படுத்திக் கேட்டபிறகு எழுதுகிறேன்.