மிளகுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்

எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு 13 வயது. சென்ற தை மாதத்தில் அவள் உலர் தீவனத்தைக் கவ்விக் கீழே நழுவவிடத் தொடங்கினாள். மெல்லும்போது கீழ்த்தாடை நடுங்கியது. பசி குறையாததால் ஒரு மாதம் அசட்டையாக இருந்துவிட்டேன். பல்வலியோடும் பூனை வேளை தவறாமல் சாப்பிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து பார்த்த மருத்துவர், கடைவாய்ப் பல்லொன்றின் மேல் ஈறு சிவந்து ஏறியிருப்பதைக் காட்டி, பல் உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகும் நோய் இது, சுத்தம் செய்வதால் தீராது, எடுக்கத்தான் வேண்டும் என்றார்.

எனக்கோ பல்லைவிட மயக்க மருந்தைப் பற்றித்தான் அச்சம். மிளகுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரகக் குறைபாடு உண்டு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் 2.3. போதாததற்கு, இதயத் துடிப்பில் ஓர் இரைச்சலும் கேட்டது. நான் அடுத்து விசாரித்த வேறொரு மருத்துவமனையில், ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், எக்ஸ்ரேகூட வேண்டாம் என்றார்கள். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவீர்களா, இரத்த அழுத்தத்தைக் கவனிக்கத் தனியாக ஆள் இருப்பாரா என்று கேட்டேன். எரிச்சல்தான் பதிலாகக் கிடைத்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நோயைச் சொன்ன பழைய மருத்துவரிடமே திரும்பினேன்.

அவர் உடனே நாள் குறிக்கவில்லை. முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மிளகை என் மடியிலேயே பத்து நிமிடம் அமைதியாக இருக்கவிட்டு, வாலில் பட்டை கட்டி, முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த ஐந்தின் சராசரியை எடுத்தார்: மேல் அழுத்தம் 172, அதாவது உயர் இரத்த அழுத்தம். சிறுநீரகம் கெட்ட பூனைகளுக்கு இது அடிக்கடி வருவதாம். அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரையை நாளுக்கு 0.625 மி.கி. கொடுத்து, இரண்டு வாரத்தில் அது 146-க்கு இறங்கிய பிறகே அடுத்த பேச்சு.

இடையில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தோம். இடது கீழறைச் சுவர் 6 மி.மீ. தடிப்பை எட்டினால் இதயத் தசை நோய் என்று கருதுவார்கள், மிளகுக்கு 5.1 தான் இருந்தது. அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவர் விளக்கியபோதுதான் இந்த ஏற்பாடு முழுவதும் எனக்குப் புரிந்தது. மயக்கத்தில் இரத்த அழுத்தம் விழும். சராசரி அழுத்தம் (மேல், கீழ் அழுத்தங்களுக்கு இடைப்பட்ட அளவு) 60-க்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதாது. அதைத் தடுக்க டிரிப்ஸ் வேண்டும். ஆனால் இதயம் தடித்த பூனைக்கு டிரிப்ஸ் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். எக்கோ நன்றாக இருந்தும் அவர் தாராளம் காட்டவில்லை. கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி. என்று கணக்கிட்டார். 3.4 கிலோ மிளகுக்கு அது மணிக்குப் பத்து மில்லிதான். பல் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியையும் சேர்த்துப் போட்டால் மயக்க வாயு குறைவாகவே போதும், அழுத்தமும் அவ்வளவாக விழாது என்றார். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மருந்தான மெலாக்சிகம் கூடாது என்று கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தார். வீட்டில் வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு என்றும் சொன்னார். (எங்கள் மாமியார் அதைத்தான் ஏற்கெனவே சிபாரிசு செய்திருந்தார்.)

வீட்டில் என் பங்கு சிறியது. கூடையை இரண்டு வாரம் கூடத்தில் திறந்தே வைத்து, அதற்குள்ளேயே சோறு வைத்தேன். அறுவைக்கு முந்தைய நாள் நள்ளிரவோடு உணவை நிறுத்தினேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கிளம்பும்வரை அகற்றக் கூடாது என்பது சிறுநீரகப் பூனைக்கு அவர் கண்டிப்பாகச் சொன்னது. பதற்றம் தணிய கபாபென்டின் கொடுத்தேன். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தாகையால் வழக்கமான அளவைக் குறைத்தே எழுதியிருந்தார். நாளின் முதல் அறுவையாக எங்களை வைத்துக்கொண்டது பெரிய உதவி. காத்திருப்பும் இல்லை, மாலைவரை கண்காணிக்க நேரமும் இருந்தது.

மயக்கம் 70 நிமிடம் நீடித்தது. எக்ஸ்ரேயில் வெளியே நல்லதாகத் தெரிந்த இன்னும் இரண்டு பற்களின் வேர்கள் கரைந்திருப்பது தெரிந்ததால், மூன்று பற்களை எடுத்தார்கள். ஈர வாயோடு நெடுநேரம் கிடக்கும் சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் வெந்நீர் மெத்தையில் படுக்கவைத்திருந்தார்கள். சராசரி அழுத்தம் ஒருமுறை 58-க்கு இறங்கியதும் வாயுவைக் குறைத்துச் சரிசெய்ததாகப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதியிருந்தது. இரவு எட்டு மணிக்கு மிளகு கூழாக்கிய கோழியை நக்கிச் சாப்பிட்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்த கிரியாட்டினின் 2.4. அம்லோடிபின் தொடர்கிறது, அடுத்த அழுத்தப் பரிசோதனை ஆவணியில்.