எழுந்து நின்றால் மயக்கம்

ஏற்காடு மலைப்பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கரண்ட் போவதும் வருவதுமாகக் கண்ணாமூச்சி ஆடியதில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அடங்கிப்போனது. திறந்து பார்த்தால், மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய பலகையில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி டப்பாக்களான கெப்பாசிட்டர்களில் நாலு உச்சி வீங்கி நின்றன. எட்டிப் பார்த்த அப்பா, "இதுக்கும் வாய்வுத் தொல்லையா?" என்றார்.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. எந்தக் கடைக்கு எத்தனை கிலோ போனது, சேதாரம் எவ்வளவு, யார் பாக்கி எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. புதுசே வாங்கிடலாம் என்றேன். "ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னா முழுக் கொலுசையும் உருக்குவியா?" என்றார். இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில், பழைய ப்ராசஸருக்கும் ராமுக்கும் பொருந்துகிற செகண்ட் ஹேண்ட் போர்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மாட்டினேன். பவர் பட்டனை அமுக்கியதும் ஃபேன் சுற்றியது, விண்டோஸ் சின்னம் வந்தது, கீழே புள்ளிகள் வட்டமடித்தன. மீசையை முறுக்கலாம் என்று கையைத் தூக்கும்போது நீலத் திரை. ஒரு சோக முகம், கீழே 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்', அதாவது விண்டோஸ் இருக்கிற டிஸ்கை எட்ட முடியவில்லையாம். தானே ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி புள்ளிகள், மறுபடி சோக முகம்.

நம் ஊர் வழக்கப்படி முதல் வைத்தியம் ரப்பர். ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். "தங்கமா?" என்று கேட்ட அப்பா, வாங்கிப் பார்த்துவிட்டு "முலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். குரலில் அத்தனை இளக்காரம்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. ஹார்டுடிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு பேசும் முறைதான் மாறிவிட்டது. போர்டு டிஸ்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்கிற சாட்டா செட்டிங், பழைய போர்டில் ஐ.டி.இ. என்ற பழைய முறையில் இருந்தது, விண்டோஸ் போட்டதும் அதில்தான். வந்த போர்டோ ஏ.ஹெச்.சி.ஐ. என்ற புது முறையில் இருந்தது. விண்டோஸுக்கு முன்னாலேயே விழிக்கிற போர்டின் சொந்த செட்டிங் பக்கமான பயாஸுக்குள் போய் ஐ.டி.இ. என்று மாற்றினேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது! கொலுசுக் கணக்கு ஒரு வரி குறையாமல் இருந்தது. தெருமுனைக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கி வந்தேன்.

கேபினெட்டின் இரண்டு கதவையும் மூடி, திருகி, மேஜையடியில் நிமிர்த்தி வைத்தேன். ஆன் செய்தேன். புள்ளிகள் சுற்றும்போதே பொசுக்கென்று அணைந்தது. நீலத் திரைகூட இல்லை. வெளியே இழுத்துப் படுக்கவைத்து, கதவைத் திறந்து போட்டால் சமத்தாக ஓடியது. மூடி நிமிர்த்தினால் திரும்ப அணைந்தது. பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், போர்டு விற்ற கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். (பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.)

அம்மா தட்டுவடையைக் கடித்தபடி நிதானமாகச் சொன்னார். "எனக்கும் இதேதான் கண்ணு. படுத்திருந்தா ஒண்ணுமில்ல, எழுந்து நின்னா கிறுகிறுங்குது. டாக்டர் உப்புப் போட்டு மோர் குடிக்கச் சொன்னாரு."

அப்பா சிரிக்கவில்லை. பட்டறையில் பற்றவைத்த இடம் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு, போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் ஒற்றைக் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"போர்டைத் தாங்க உள்ள எத்தனை பித்தளைக் கால் நிக்குது?"

"எட்டு."

"நீ எத்தனை திருகு போட்ட?"

எண்ணிப் பார்த்தேன். ஆறு. புதிய போர்டில் இருந்ததே ஆறு ஓட்டைதான். மிச்சம் இரண்டு கால்களில் ஒன்று போர்டின் விளிம்புக்கு வெளியே சும்மா நின்றது. இன்னொன்று போர்டுக்கு நேர் அடியில், ஈயம் வைத்த புள்ளிகளுக்கு ஒரு மயிரிழை தூரத்தில். பின்கதவை அழுத்தி மூடினால் அங்கே சுருட்டித் திணித்திருந்த ஒயர்கள் மெல்லிய தகரத்தை உள்ளே தள்ளும், பித்தளை போய் ஈயத்தைத் தொடும், ஷார்ட். நிமிர்வதற்கும் படுப்பதற்கும் இதில் சம்பந்தமே இல்லை, கதவுதான் விஷயம். காலை முழுக்க நான் பார்த்தது மேல்பக்கத்தை மட்டும்.

இரண்டு கால்களையும் கழற்றினேன். மூடி, நிமிர்த்தி, ஆன் செய்து, அரை மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அணையவில்லை. அப்பா அந்தப் பித்தளைக் கால்களை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார், அப்புறம் பழக்க தோஷத்தில் வெள்ளித் தராசில் வைத்து எடை பார்த்தார்.

கணக்கைத் திறந்தவர் திரையின் வலது கீழ் மூலையைக் காட்டினார். 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுதியிருந்தது. போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கம்ப்யூட்டர், லைசென்ஸை மறுபடி நிரூபிக்கச் சொல்லும் என்று விளக்கினேன்.

"அப்ப, இந்தப் பாக்கிக்காரங்களும் வேற ஆளுன்னு சொல்லிடுவாங்களா?" என்றார்.