பச்சையில் இரண்டு வகை

செப்புத் திருமேனிகளின் மேல் படியும் பச்சையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து இறுகிய பச்சை. கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் பெயராது. அடியில் உள்ள உலோகத்துக்கு அதுவே கவசம். மற்றொன்று வெளிறிய பச்சை. புள்ளி புள்ளியாகத் தோன்றும், தொட்டால் தூளாக உதிரும். முன்னதைக் காப்பாற்ற வேண்டும், பின்னதை உடனே நிறுத்த வேண்டும். அருங்காட்சியக வேதியியலாளராக நான் முதலில் கற்றுக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான். இன்றும் என் நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே போகிறது.

வெளிறிய பச்சைக்கு எங்கள் துறையில் வெண்கல நோய் என்று பெயர். மண்ணில் உள்ள உப்பு செம்புடன் சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகி, மேற்படலத்துக்கு அடியில் தங்கிவிடுகிறது. சிலை மண்ணுக்குள் இருக்கும்வரை பெரிதாக எதுவும் நடப்பதில்லை. தோண்டி எடுத்து ஈரக்காற்றில் வைத்ததும் அது காற்றிலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு பச்சைத் தூளாக மாறுகிறது. அப்போது அமிலமும் பிறக்கிறது. அந்த அமிலம் நல்ல செம்பைத் தின்று மேலும் குளோரைடை உண்டாக்க, அதிலிருந்து மீண்டும் தூளும் அமிலமும் வருகின்றன. தூளுக்கு உலோகத்தைவிட அதிக இடம் தேவை என்பதால், அது மேற்பரப்பை உள்ளிருந்தே வெடிக்கச் செய்கிறது. ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் தாக்குப்பிடித்த ஒரு திருமேனியின் விரல் நுனியையோ, சடைமுடியின் நுண்ணிய கோடுகளையோ சில மழைக்காலங்களில் இழந்துவிடலாம்.

அண்மையில் ஒரு சிறிய அம்மன் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதமும் பீடமும் சேரும் இடுக்கில் மட்டும் வெளிறிய தூள் தெரிந்தது. ஊசி முனையால் கடுகளவுக்கும் குறைவாக எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். தெளிந்திருந்த திரவம் பால்வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு இருப்பது உறுதியாயிற்று. பிறகு நுண்நோக்கியின் கீழ், அறுவைக் கத்தியின் முனையால் அந்தத் தூளை மட்டும் குழியின் அடிவரை எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் பக்கத்திலிருக்கும் நல்ல பச்சை பெயர்ந்துவிடும். அந்தப் படலத்தில்தான் வார்த்தவர் உளியால் செதுக்கிய கொலுசுக் கோடுகள் பதிந்திருந்தன. தூள் நீங்கியதும் ஆல்கஹாலில் கரைத்த பென்சோடிரையசோல் கரைசலில் ஊறவைத்தோம். அது செம்புடன் பிணைந்து, ஈரம் உள்ளே போகாமல் ஒரு மெல்லிய தடுப்பை உண்டாக்கும். அதற்கு மேல் அக்ரிலிக் பூச்சு. இவ்வளவு செய்த பிறகும் சிலை பார்வைக்கு முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. அதுதான் எங்களுக்கு வேண்டியதும்.

இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்துவிட்டது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சுத்தம் செய்தார். சிலையை எதிர்மின்வாயாக வைத்து, காரக் கரைசலில் மென்மையான மின்சாரம் செலுத்தினால் குளோரைடு வெளியேறிவிடும். இந்த முறையில் மேற்படலமும் சேர்ந்து போய்விடும் என்பதால் இன்று நாங்கள் எடுத்தவுடன் அதை நாடுவதில்லை. ஆனால் அன்று கைவசம் இருந்த வழிகளில் அதுவே சிறந்தது என்பதை மறக்கக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பது 1931இல் தெரியவந்த பிறகு, அவற்றின் சுண்ணாம்புப் பூச்சையும் நிறங்களையும் ஆராய்ந்தவரும் பரமசிவன்தான். அவரைப் பற்றி நம் பள்ளிப் பாடங்களில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஐம்பொன் என்றால் எத்தனை பங்கு தங்கம் என்று பார்வையாளர்கள் கேட்காத நாளில்லை. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைச் சிலையருகே பிடித்தால் நொடிகளில் விடை வந்துவிடும்: பெரும்பகுதி செம்பு, அதோடு ஓரளவு ஈயமும் வெள்ளீயமும். தங்கம், வெள்ளி எல்லாம் பெரும்பாலும் மிகச் சிறு அளவுதான். ஆனால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. அது மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. படலத்தில் செம்பு கரைந்து வெள்ளீயம் தேங்கியிருந்தால், உள்ளே இருப்பதைவிட வேறு கணக்கு காட்டும். உலோகத்தின் உள்ளிருந்து எடுத்த நுண்ணிய துகளே நிறையச் சொல்லும். ஆய்வாளர் சாரதா சீனிவாசன், தென்னிந்தியத் திருமேனிகளில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் (எடையில் வேறுபடும் ஈய அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதையும்) மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் நுண் தனிமங்களையும் ஒப்பிட்டு, சோழர் காலத்தவை எனக் கருதப்பட்டுவந்த நடராசர் வடிவங்களில் சில பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்று வாதிட்டார். கலை வரலாற்று அறிஞர்கள் கண்ணால் கண்டு சொன்னதோடு உலோகம் சொல்வதையும் சேர்த்து வைத்துப் பேச வேண்டிய நிலையை அந்த ஆய்வு உண்டாக்கியது.

சுத்தம் செய்வதில் நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்பதற்குப் பத்தூர் நடராசரே போதும். 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்த சிலை அது. இது பத்தூர்ச் சிலைதானா என்ற கேள்வி அங்கே நீதிமன்றத்துக்குப் போனது. சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் தடங்கள், உலோகம் எல்லாம் விசாரணையில் சாட்சியங்களாக ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். சிலையை யாராவது புளி போட்டுப் பளபளவென்று விளக்கியிருந்தால் அந்த மண்ணும் கறையான் தடமும் போயிருக்கும். அழுக்கு என்று நினைத்து நாம் துடைத்து எறிவதில் ஒரு சிலையின் முகவரியே இருக்கக்கூடும்.

இத்தனை ஆய்வுகளையும்விடச் சிலைக்குத் தினமும் வேண்டியது உலர்ந்த காற்று. ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வெண்கல நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 70ஐத் தாண்டுவது சாதாரணம். பகலில் பார்வையாளர்களுக்காக ஏசியைப் போட்டு, மாலையில் நிறுத்திவிடும் காட்சிக்கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். இரவு முழுவதும் ஈரம் ஏறி, காலையில் மறுபடி இறங்கும். நோய்க்கு இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை. விலை உயர்ந்த கருவிக்கு ஒப்புதல் கிடைத்துவிடுகிறது, அடைப்பு இறுக்கமான கண்ணாடிப் பேழைக்கும் அதற்குள் வைக்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்கும் கோப்பு நகர மாட்டேன் என்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. முதலில் பேழை, பிறகு கருவி என்று எங்கே பேச நேர்ந்தாலும் சொல்லிவருகிறேன்.

கிராமங்களில் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும் குளம் தூர்வாரும்போதும் இன்றும் திருமேனிகள் கிடைக்கின்றன. அப்படிக் கிடைத்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி முறையாக அறிவித்தாக வேண்டும். அதுவரை பால், தயிர், புளி, விபூதி எதுவும் வேண்டாம்; தண்ணீரும் ஊற்ற வேண்டாம். பக்தியோடு செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒட்டியிருக்கும் மண் ஒட்டியபடியே இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வையுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் எடுப்பதற்கு முன்பே படம் பிடித்துச் சிலையோடு கொடுத்தனுப்புங்கள்.